ஒரு வரி மட்டும்

ஆறு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது என் மகள் கேட்டாள். "அப்பா, கர்த்தருடைய ஜெபம் சொல்லும்போது நடுவுல நீங்க மட்டும் ஏன் வாயை மூடிக்கிறீங்க?" அவளுக்கு ஒன்பது வயது. எந்த இடத்தில் என்று தெரியாதவன்போலக் கேட்டேன். "கடனாளிகளுக்குன்னு வருமே, அங்க. அப்புறம் சோதனைக்குட்படன்னு வரும்போது மறுபடி ஆரம்பிச்சிடுறீங்க." தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். "ஒவ்வொரு வாரமுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சொன்னது உண்மைதான். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." இந்த ஒரு வரியைப் பல வருடங்களாக நான் சொன்னதில்லை. ஒரு வைராக்கியத்தில் ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. மற்றவர்கள் குரலில் என் மௌனம் மறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்று யோசிக்கவில்லை. சொல்லாமல் விடுவதில் ஒரு நேர்மை இருக்கிறது என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. மன்னிக்காதவன் மன்னிக்கிறதுபோல என்று சொன்னால் அது பொய்தானே? ஆனால் அந்த வரியின் இரண்டாம் பாதியையும் சேர்த்துத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது மகள் கேட்ட அன்று இரவுதான் உறைத்தது. என் கடன்களை மன்னியும் என்றும் அத்தனை வருடமாக நான் கேட்கவே இல்லை.

கதை சுருக்கமானது, இதைப் படிக்கிற பலருக்கும் இப்படி ஒன்று இருக்கும். பன்னிரண்டு வருடம் முன்பு என் நண்பன் ஒருவன் தொழிலுக்குக் கடன் வாங்கினான். நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். பாடகர் குழுவில் பத்து வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவன் அவன். ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு போன் எடுப்பதில்லை, பிறகு அந்த எண்ணே இல்லை, பிறகு அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மிச்சத்தை நான் கட்டினேன். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, 48 மாதம். "அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வெகு பாடுபடுவான்" என்று நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தில் இருப்பதை அதற்கு முன்பும் வாசித்திருக்கிறேன். அந்நியனுக்குத்தானே என்று நினைத்திருப்பேன்.

இதோடு நின்றிருந்தால் நான் அதை எப்போதோ தலைமுழுகியிருப்பேன். அந்த நான்கு வருடத்தில் இரண்டாவது வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி என்று சொன்னார்கள். இரண்டு மாதம் அப்படிச் செய்தோம். அதற்கு மேல் முடியவில்லை, வாரம் ஒரு நாளாக்கினோம். அந்தக் கை கடைசிவரை வரவில்லை. மூன்று நாளும் தொடர்ந்திருந்தால் வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணை கட்டிவிட்டு வந்து நோட்டில் தேதி போட்டு எழுதும்போது, அது அப்பாவின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணம் என்றுதான் தோன்றும். அந்த நோட்டு இன்னமும் என் அலமாரியில் இருக்கிறது. 48 வரிகள். 46-வது வரிக்கு எதிரே, அப்பா இறந்த தேதி.

அப்பா சபையில் மூப்பராக இருந்தவர். பிறர் வீட்டுச் சண்டைகளை ஜெபம் பண்ணித் தீர்த்து வைத்தவர். கடைசி மாதங்களில் ஒரு நாள் நான் அவன் பேரைச் சொல்லிப் புலம்பியபோது, கோணிய வாயால் கஷ்டப்பட்டு இரண்டு வார்த்தை சொன்னார். "அவன... விடாத." நான் எதிர்பார்த்தது அதுவல்ல. ஆனால் அந்த வார்த்தை எனக்கு வசதியாக இருந்தது. இனி மன்னித்தால் அது அப்பாவுக்குச் செய்யும் துரோகம் என்று ஆகிவிட்டதல்லவா.

சிநேகிதனைச் சிநேகிப்பது

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள், உங்களைச் சபிக்கிறவர்களை ஆசீர்வதியுங்கள், உங்களைப் பகைக்கிறவர்களுக்கு நன்மை செய்யுங்கள்." மத்தேயு 5:44. பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே மனப்பாடம். சிநேகியுங்கள் என்ற சொல்தான் எனக்குத் தடையாக இருந்தது. சிநேகம் என்றால் நமக்குத் தோள்மேல் கை போட்டு நடப்பது. என் சத்துரு சத்துருவாகவே வரவில்லை. சிநேகிதனாக வந்துதான் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். சிநேகித்ததால் வந்த வினையைத் திரும்பவும் சிநேகித்துத் தீர்ப்பதா? கத்தோலிக்க நண்பர் ஒருவர் தன் திருவிவிலியத்தைக் காட்டினார். அதில் "உங்கள் பகைவரிடமும் அன்பு கூருங்கள்" என்று இருந்தது. என் மூச்சு கொஞ்சம் சீரானது. மூலத்தில் கிரேக்கச் சொல் அகாப்பே, அதாவது பிறர் நலம் நாடும் அன்பு, அந்த வகையைச் சேர்ந்தது. நட்புக்குரிய பிலியா வகை அல்ல. மார்ட்டின் லூதர் கிங் 1957 நவம்பரில் மாண்ட்கமரியில், தன் சபையில், இந்த வசனத்தை வைத்துப் பிரசங்கித்தபோது, சத்துருக்களை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று இயேசு சொல்லாதது நல்லதாகப் போயிற்று என்கிற பொருளில் பேசினார். தன் வீட்டில் குண்டு வெடித்து இரண்டு வருடம்கூட ஆகாத மனிதர் சொன்னது அது. அவனை எனக்குப் பிடிக்க வேண்டியதில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பினால் போதும். அதுவும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வருடத்துக்கு மேல் நான் செய்த ஜெபம் சங்கீதம் 109. தெரியாதவர்கள் எடுத்து வாசித்துப் பாருங்கள், பைபிளில் இப்படியும் இருக்கிறதா என்று தோன்றும். அவன் நாட்கள் கொஞ்சமாகட்டும், அவன் பிள்ளைகள் திக்கற்றுப் போகட்டும், கடன் கொடுத்தவன் அவனுக்கு உள்ளதையெல்லாம் பிடுங்கிக்கொள்ளட்டும் என்று போகும். கடன் கொடுத்தவன் பற்றிய வசனம் வந்ததும் நான் நிறுத்தி இரண்டாம் முறை வாசிப்பேன். இதைச் சொல்ல இப்போது கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தச் சங்கீதத்தை யாரும் வேதத்திலிருந்து வெட்டி எடுக்கவில்லை என்பது எனக்கு அந்த நாட்களில் பெரிய ஆறுதல். அவனைத் திட்டுவதைக்கூடக் கடவுளிடம்தான் போய்த் திட்டினேன். வேறு எங்காவது போயிருந்தால் என்ன செய்திருப்பேனோ.

நூறு தெனாரியம் சில்லறை அல்ல

மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் தவறாமல் போய் நிற்கும் இடம் மத்தேயு 18. எத்தனை தரம் மன்னிக்க வேண்டும், ஏழு தரமட்டுமோ என்று பேதுரு கேட்கிறான். ஏழெழுபது தரமட்டும் என்று பதில் வருகிறது. பிறகு ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் கதை. அவனுக்கு எல்லாம் மன்னிக்கப்படுகிறது. வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனைப் பிடித்துத் தொண்டையை நெரிக்கிறான். நான் கேட்ட பிரசங்கங்கள் எல்லாவற்றிலும் அந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பம் என்று தள்ளிவிடுவார்கள். சில்லறைக் காசுக்காகக் கழுத்தை நெரித்தானே பாவி, என்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூலத்தில் அது நூறு தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒரு நாள் கூலி; மத்தேயு 20-இல் திராட்சத் தோட்டக்காரன் பேசிய கூலி அதுதான். அப்படியானால் நூறு நாள் உழைப்பு. உங்கள் மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் ஒருவன் எடுத்துக்கொண்டு போனால் அதைச் சில்லறை என்பீர்களா? மறுபக்கம், ஒரு தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்று வைத்தால் பதினாயிரம் தாலந்து 6 கோடி நாள் கூலி. வருடம் 300 நாள் வேலை செய்தால் 2,00,000 வருடம். எந்த ஊழியக்காரனாலும் கட்ட முடியாத, யாரும் ஒரு ஊழியக்காரனுக்குக் கொடுக்கவே முடியாத தொகை. அந்தத் தொகையில்தான் இயேசு வேண்டுமென்றே மிகைப்படுத்துகிறார், நூறு தெனாரியத்தை அவர் குறைத்துச் சொல்லவில்லை. உனக்கு நடந்தது ஒன்றுமில்லை என்று அந்த உவமை சொல்வதே இல்லை. என் கணக்கைப் பார்த்தேன். 48 மாதம், மூன்றில் ஒரு பங்கு. 16 மாதச் சம்பளம். நூறு தெனாரியத்தைப் போல நான்கு மடங்கு. அது உண்மையான நஷ்டம் என்று என்னிடம் ஒப்புக்கொண்ட முதல் ஆள் அந்த உவமைதான். அதற்குப் பிறகுதான் அதன் மற்றப் பாதியைக் காது கொடுத்துக் கேட்க முடிந்தது.

இன்னொன்றும் அந்த அதிகாரத்தில் இருக்கிறது, யாரும் நின்று வாசிப்பதில்லை. பேதுருவின் கேள்வி 21-ஆம் வசனம். அதற்கு முன்னால், 15-இல், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால் நீயும் அவனும் தனித்திருக்கையில் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்று இருக்கிறது. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். அதாவது தப்பைத் தப்பு என்று சொல்வது முதலில். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவனிடம் அடி வாங்கிய முகத்தோடு உதவி கேட்டு வந்தபோது, ஏழெழுபது தரம் என்ற வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பதினைந்தாம் வசனத்தை அவளுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. மன்னிப்பு அடிபட்டவர் கொடுப்பது. பக்கத்தில் நிற்கிறவர்கள் அவர் கையைப் பிடித்துப் போட வைக்கும் கையெழுத்து அல்ல. கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், அவர் பிள்ளைகள் 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தேயுவையும் வண்டிக்குள் வைத்து எரித்தபோது, அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னிக்கிறேன் என்றார். அது எல்லோருக்கும் தெரியும். வழக்கு நடந்தது, தண்டனையும் வந்தது. மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர் 2004 வரை அங்கேயே இருந்து தொழுநோயாளிகள் நடுவே கணவர் செய்த வேலையைத் தொடர்ந்தார். எல்லோரும் அவர் சொன்ன வாக்கியத்தைப் பேசினார்கள். எனக்கு அந்த ஐந்து வருடங்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. வாக்கியம் ஒரு நாளில் சொல்லிவிடலாம்.

கை தூக்குவது

கோரி டென் பூம் பற்றிச் சபைகளில் கேட்டிருப்பீர்கள். யூதர்களை வீட்டில் ஒளித்து வைத்ததற்காகப் பிடிபட்ட டச்சுக் குடும்பம். நாஜிகளின் ராவென்ஸ்புரூக் வதைமுகாமில் கோரியின் அக்கா பெட்சி 1944 டிசம்பரில் செத்துப்போனாள். 1947-இல் முனிச்சில் ஒரு ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமில் காவலாளியாக இருந்த ஒருவன் கை நீட்டிக்கொண்டு வந்தான். அவளுக்கு அவனை அடையாளம் தெரிந்தது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை. இத்தனை நேரம் மன்னிப்பைப் பேசிய வாய், கை மட்டும் எழவில்லை. உணர்ச்சியை நீர் கொடும், கையைத் தூக்க மட்டும் என்னால் முடியும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு மரக்கட்டைபோலக் கையை நீட்டினாள். தோளிலிருந்து கைவழியாக என்னவோ பாய்ந்ததுபோல இருந்தது என்று பின்னால் எழுதினாள்.

இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாய்ச்சல் இடிக்கும். பொய் என்று சொல்லவில்லை. அது வராதவர்கள் என்ன செய்வது? அதைவிட எனக்கு நெருக்கமானவன் டிர்க் வில்லெம்ஸ். 1569, நெதர்லாந்தின் அஸ்பெரன். மறுஞானஸ்நானம் பெற்ற குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவன், துணிகளை முடிச்சுப் போட்டு இறங்கித் தப்பி ஓடினான். உறைந்த குளத்தின் மெல்லிய பனியைக் கடந்துவிட்டான். துரத்தி வந்தவன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டான். காப்பாற்றப்பட்டவன் இவனை விட்டுவிடத்தான் நினைத்தான், கரையில் நின்ற அதிகாரி சத்தம் போட்டான், பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மே 16-ஆம் தேதி எரித்துக் கொன்றார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் சாவு நேரமெடுத்தது. அவன் செய்த நன்மைக்கு அங்கே ஒரு பலனும் கிடைக்கவில்லை. திரும்பியபோது அவன் மனதில் அன்பு பொங்கியதா, எரிச்சல் இருந்ததா, எதுவும் நமக்குத் தெரியாது. திரும்பினான் என்பது மட்டும் தெரியும். கால்தான் முதலில் திரும்பியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுபத்து மூணு

இரண்டு மாதம் முன்பு முழங்கால் வலிக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் இடத்தில் நாற்காலி தேடினேன். கடைசி வரிசையில் ஒன்று காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் அவன்.

பதினோரு வருடம் இந்தச் சந்திப்புக்காக நான் வசனம் எழுதி வைத்திருந்தேன். குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தூக்கம் வராத ராத்திரிகளில் திருத்தித் திருத்தி எழுதியது. அவன் முன்னால் நின்று ஒவ்வொரு தவணையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் அப்பாவின் கையில் முடிப்பதாக இருந்தது. அவன் அழுவான். பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் நான் தூங்கிப்போவேன்.

"நீயா?" என்றான். பிறகு, "நல்லா இருக்கியா?" முடி முழுக்க நரைத்திருந்தது. நான் பேசும்போது வலது காதை என் பக்கம் திருப்பிக் கையால் குவித்துக்கொண்டான். அப்பாவைக் கேட்டான். "போயிட்டாரு. ஏழு வருஷமாச்சு." "ஐயோ" என்றான். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். இப்போது சொல்லப்போகிறான் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நிமிர்ந்து சொன்னான். "உனக்கென்னடா, மாசம் பொறந்தா சம்பளம். எப்படியோ சமாளிச்சுட்ட. நான்தான் நடுத்தெருவுல நின்னேன்."

அவன் குரலில் கள்ளம் இல்லை. நடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் மனதில் இருந்த கணக்கில் அவன் எனக்குக் கடனாளியே இல்லை. கடன் இருக்கிறது என்றே நினைக்காதவனுக்கு எதை மன்னிப்பது? மன்னித்தேன் என்று சொன்னால், எதுக்கு என்று கேட்பான். நான் எழுதி வைத்த வசனம் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்றால் முழங்கால் மடக்கி நீட்ட முடியாமல் கிடந்தது.

அப்போதுதான் கவுண்டரில் கூப்பிட்டார்கள். "அறுபத்து மூணு." அவன் மடியில் இருந்த சீட்டில் 63. அவனுக்குக் கேட்கவில்லை, இடது காது கவுண்டர் பக்கம் இருந்தது. மூன்று தடவை கூப்பிட்டு வரவில்லையென்றால் சீட்டை அடியில் வைத்துவிடுவார்கள், கடைசி ஆளாகத்தான் பார்க்க முடியும் என்று அங்கே எழுதி ஒட்டியிருந்தது. இரண்டாவது தடவையும் "அறுபத்து மூணு". நான் வாயைத் திறக்கவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், முதல் தடவையும் இரண்டாவது தடவையும் எனக்கு நன்றாகக் கேட்டது. உள்ளே ஒரு குளிர்ச்சி பரவியது. ஒரு மத்தியானம் முழுக்க உட்காரட்டும். எத்தனை பெரிய வஞ்சம் பாருங்கள், பதினோரு வருடம் வளர்த்தது, ஒரு டோக்கன் அளவுக்கு வந்து நின்றது.

மூன்றாவது தடவை கூப்பிட்டார்கள். அவன் முழங்கையைத் தட்டி, "டேய், உன் நம்பர்" என்றேன்.

"ஆங்" என்று எழுந்து போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தோளிலிருந்து எதுவும் பாயவில்லை. ஒரு எரிச்சல்தான் வந்தது. என் மீதா, அவன் மீதா என்று தெரியவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்த முழங்கை என் விரலில் இருந்தது. எலும்பாக இருந்தது.

விடு, விடாதே

அன்று இரவு குறள் 314 ஞாபகத்துக்கு வந்தது. "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்." பவுலும் ரோமர் 12-இல், பழைய நீதிமொழியை எடுத்து, பசித்த சத்துருவுக்குச் சோறு போடு, அது அவன் தலையில் அக்கினித்தழலைக் குவிக்கும் என்கிறார். இரண்டையும் பள்ளி நாளிலிருந்து ஒரே விதமாகத்தான் புரிந்து வைத்திருந்தேன். நல்லது செய்தால் அவனுக்கு உறைக்கும். யோசித்தால் அதுவும் ஒரு நாகரிகமான பழிவாங்கல். என்னுடையவனோ நாணவும் இல்லை, அவன் தலையில் தழலும் விழவில்லை. டோக்கனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அப்படியானால் நான் செய்தது வீணா? பரிமேலழகர் அந்தக் கடைசிச் சொல்லில் நிற்கிறார். விடல் என்றால், அவர் செய்த இன்னாததையும் தான் செய்த நன்மையையும் மறந்துவிடுதல். நன்மையையும்! அவன் நாணினானா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறவரை நான் விடவில்லை.

சுவிசேஷத்தில் மன்னிப்புக்கு வருகிற கிரேக்கச் சொல் அஃபியேமி. அதற்கும் விட்டுவிடுவது, போக விடுவது என்றுதான் பொருள். கடனைத் தள்ளிவிடுவதற்கும் அதே சொல். அப்பாவின் கடைசிக் காலத்து வார்த்தை "விடாதே". இந்த இரண்டுக்கும் நடுவில் நான் நிறைய நாள் நின்றிருக்கிறேன். அப்பா சொன்னது அவர் வலியில் சொன்னது, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. கை போனது அவருக்கு. அந்தக் கைக்கான மன்னிப்பை அவருக்குப் பதிலாக நான் கொடுக்க முடியும் என்றும் நான் நினைக்கவில்லை. என் பங்கு 16 மாதச் சம்பளமும் சில நூறு தூங்காத ராத்திரிகளும். அதை மட்டும்தான் விடுவதற்கு எனக்கு உரிமை.

சிலுவையில் இயேசு என்ன சொன்னார் என்பதைத் திரும்ப வாசித்தேன். நான் உங்களை மன்னிக்கிறேன் என்று அவர் போர்ச்சேவகர்களிடம் சொல்லவில்லை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே" என்று பிதாவிடம் கேட்டார். லூக்கா 23:34. செய்தது இன்னதென்று அறியாதவர்களுக்காக. உனக்கென்னடா என்று கேட்கிறவர்களுக்காக. இந்த வசனத்தில் ஒரு விசித்திரம் உண்டு. வத்திக்கான் சுவடி உள்படச் சில மிகப் பழைய பிரதிகளில் இந்த வாக்கியமே கிடையாது. பின்னால் யாரோ சேர்த்தது என்பார் சிலர். இல்லை, முதலிலேயே இருந்தது, இயேசுவைக் கொன்றவர்களுக்கு மன்னிப்பு என்பதைப் பொறுக்க முடியாத யாரோ எழுதும்போது தாண்டிப் போய்விட்டார் என்பார் வேறு சிலர். இரண்டாவது கட்சி சொல்வது சரியாக இருந்தால், ஒரு வரியைத் தாண்டிப் போனவன் நான் மட்டும் இல்லை. தூவலைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வரிக்கு முன்னால் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்த அந்த மனிதனை என்னால் நன்றாகக் கற்பனை செய்ய முடிகிறது.

அவனுக்காக ஜெபிக்க முன்பும் முயன்றிருக்கிறேன். "அவனுக்கு நல்ல புத்தி கொடும்" என்பேன். சாபத்துக்கு வெள்ளை அங்கி போட்ட மாதிரிதான் அது. வேறு என்ன கேட்பது என்று தெரியாது. அவனைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது, நான் வளர்த்து வைத்திருந்த உருவத்தைத் தவிர. இப்போது ஒன்று தெரியும். அவனுக்கு இடது காது கேட்கவில்லை. பாடகர் குழுவில் என் சுருதி இறங்கினால் முதலில் கண்டுபிடித்து முழங்கையால் இடிக்கிற காது அது. எனவே அதைக் கேட்கிறேன். காது சரியாகட்டும். சில நாள் அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. சில நாள் அதுவும் வருவதில்லை, அப்போது, பிதாவே நீர் மன்னியும், நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறேன். நாளைக்கு அவன் இன்னொரு கடனுக்கு ஜாமீன் கேட்டு வந்தால் போட மாட்டேன். நோட்டை இன்னும் கிழிக்கவில்லை. எவ்வளவு என்று தெரிந்தால்தானே தள்ளுபடி செய்ய முடியும் என்று ஒரு சாக்கு வைத்திருக்கிறேன். அது சாக்கா, உண்மையா என்று எனக்கே தெளிவில்லை.

மருத்துவமனைக்குப் போய் வந்த அடுத்த ஞாயிறு, கர்த்தருடைய ஜெபம் வந்தது. எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும் என்பதுவரை எல்லோரோடும் போனேன். அடுத்த வரியில் வாய் தானாக மூடிக்கொண்டது. அத்தனை வருடப் பழக்கம். சபை அந்த வரியை முடித்து அடுத்ததற்குப் போய்விட்டது. அப்புறம்தான், எல்லோரும் சோதனைக்குட்பட என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் தனியாக, கட்டைக் குரலில், எங்கள் கடனாளிகளுக்கு என்று ஆரம்பித்தேன். முன் வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். முழுதும் சொல்லி முடிப்பதற்குள் ஆமென் வந்துவிட்டது.

வண்டியில் ஏறும்போது மகள் சொன்னாள். "இன்னிக்கு லேட்டா சொன்னீங்க."

"ஆமா" என்றேன்.